காதலா, கடமையா? இரண்டு போர் நாவல்களும் ஒரு பிரசவ அறையும்

1.
இது கொஞ்சம் நீளமான த்ரெட். வழக்கம்போல சுகர், பிரஷர், டெங்கு இல்லை. இன்னிக்கு வரலாறு.

இரண்டு போர் நாவல்கள், அதை எழுதின இரண்டு பேர், அவங்க பார்த்த இரண்டு உலகப் போர்கள். கடைசியில கொஞ்சம் மருத்துவமும் வரும். வராமப் போனா நீங்களே விடமாட்டீங்க.

கதையோட முடிவைச் சொல்லாம இந்தப் பதிவை எழுத முடியாது. நாவலைப் படிச்சிட்டுத்தான் வருவேன்னு சொல்றவங்க சேமிச்சு வச்சுக்கிட்டு அப்புறம் வாங்க.

2.
முதல்ல இது ஏன் மனசுல வந்ததுன்னு சொல்லிடுறேன். (அடையாளங்களை மாத்தியிருக்கேன்.)

ஒரு நைட் டூட்டி. நம்ம குருவிகுளம் பக்கத்துக் கரிசல் காட்டுக் கிராமத்துப் பொண்ணு, முதல் பிரசவம். வலி வந்து பல மணி நேரம் ஆகுது. கணவர் ராணுவத்துல, வடக்கே எல்லையில இருக்கார். லேபர் வார்டு வாசல்ல அவரோட அம்மா செல்போனை நீட்டினாங்க.

"டாக்டரய்யா, எம் மவன் லைன்ல இருக்கான். ஒரு வார்த்தை பேசுங்கய்யா."

வாங்கினேன். அந்தப் பக்கம் காத்து இரைச்சல். "சார், லீவு கேட்டேன், கிடைக்கல. நான் இங்க நிக்கிறது சரியா, அங்க வந்து நிக்கிறது சரியா? ஒண்ணும் புரியல சார்."

"நாங்க பார்த்துக்கிறோம் தம்பி" என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்தேன். வேற என்ன சொல்ல?

3.
ஆனா அவர் கேட்ட கேள்வி இருக்கே, அது நூறு வருஷத்துக்கு மேல பழைய கேள்வி. போர் நாவல்னு உலகத்துல எழுதினவங்க பல பேரும் இந்தக் கேள்வியைத்தான் சுத்திச் சுத்தி வந்திருக்காங்க. ஒரு பக்கம் உடுத்தின சீருடை, இன்னொரு பக்கம் காத்திருக்கிற பொண்ணு.

அப்படிப்பட்ட நாவல்கள்ல மிகப் புகழ்பெற்றது எர்னெஸ்ட் ஹெமிங்வே எழுதிய 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்'. வெளிவந்த வருஷம் 1929. தமிழ்ல 'போரே, நீ போ' என்ற பெயரில் வந்திருக்கு.

முதல்ல அந்தக் கதைக்குப் பின்னால இருக்கிற வரலாறு.

4.
முதல் உலகப் போர். 1918 ஜூன் மாதம், அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஆம்புலன்ஸ் ஓட்ட ஹெமிங்வே இத்தாலி போறார். வயசு 18. நம்ம ஊர்ல பிளஸ் டூ முடிச்ச பையன் வயசு.

ஜூலை 8ஆம் தேதி, பியாவே நதிக்கரையில ஃபொசால்டாங்கிற இடத்துல மோட்டார் குண்டு பக்கத்துல விழுந்து வெடிக்குது. இரண்டு கால்லயும் குண்டுச் சிதறல்கள். மிலான் மருத்துவமனையில சேர்க்கிறாங்க.

அங்கே ஆக்னஸ் வான் குரோவ்ஸ்கி என்ற அமெரிக்க நர்ஸ் அவரைக் கவனிச்சுக்கிறாங்க. அவரைவிட ஏழு வயசு மூத்தவங்க. பையன் காதல்ல விழுந்துட்டார். ஊருக்குத் திரும்பிப் போய்க் கல்யாணக் கனவோட காத்திருந்தவருக்கு 1919 மார்ச்சில் ஆக்னஸிடமிருந்து கடிதம் வருது: இது சரிப்பட்டு வராது, நான் வேற ஒருவரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்.

பத்து வருஷம் கழிச்சு அந்தக் காயம் நாவல் ஆச்சு.

5.
நாவல்ல ஃபிரெடரிக் ஹென்றி, இத்தாலி ராணுவத்துல ஆம்புலன்ஸ் பிரிவு லெப்டினன்ட். கேத்தரின் பார்க்லி, பிரிட்டிஷ் நர்ஸ். அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை ஏற்கெனவே சோம் போர்க்களத்துல செத்துப்போயிட்டான்.

இந்தக் கதையோட நடுவுல ஒரு உண்மையான சரித்திர நிகழ்ச்சி வருது. கபொரெட்டோ தோல்வி.

1917 அக்டோபர் 24. ஜெர்மன், ஆஸ்திரிய படைகள் சேர்ந்து அடிச்ச அடியில இத்தாலி ராணுவம் நூறு கிலோமீட்டருக்கு மேல பின்வாங்கி ஓடுது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் கைதிகள் ஆனாங்க. மழை, சேறு, ரோடு முழுக்க வண்டிகள், மூட்டை முடிச்சோட மக்கள். தளபதி கடோர்னா பதவியையே இழந்தார்.

6.
அந்தப் பின்வாங்கல்ல நடந்த ஒரு கொடுமைதான் நாவலோட திருப்பம். தக்லியமென்தோ நதிப் பாலத்துல ராணுவ போலீஸ் நின்னுக்கிட்டு, தன் படையைவிட்டுப் பிரிஞ்சு வர்ற சொந்த நாட்டு அதிகாரிகளையே பிடிச்சு, ரெண்டு கேள்வி கேட்டுச் சுட்டுத் தள்ளுது. கடமை தவறினாங்களாம்!

ஹென்றியும் மாட்டுறான். அடுத்தது தன் முறைன்னு தெரிஞ்சதும் ஆத்துல குதிச்சுத் தப்பிக்கிறான். அந்தத் தண்ணியோட அவனோட கடமையும் போயிடுது.

கவனிங்க, அவன் கோழையா ஓடல. தன்னையே சுட வர்ற ராணுவத்துக்கு இனி நான் எதுவும் பாக்கி இல்லைன்னு கணக்கை முடிச்சுக்கிறான். கர்ப்பிணியான கேத்தரினோட ராத்திரி முழுக்க ஏரியில படகு வலிச்சு, போர் இல்லாத சுவிட்சர்லாந்துக்குப் போய்ச் சேர்றான்.

கடமையை விட்டான், காதலைப் பிடிச்சான். சுபம்னு நினைக்கிறீங்களா?

7.
இல்லை. லொசான் நகர மருத்துவமனை. கேத்தரினுக்குப் பிரசவ வலி மணிக்கணக்கா நீடிக்குது. கடைசியில சிசேரியன். குழந்தை கழுத்துல கொடி சுத்தி இறந்தே பிறக்குது. அப்புறம் தாய்க்கு உதிரப்போக்கு. நிக்கவே இல்லை. கேத்தரினும் போயிடுறா.

ஒரு டாக்டரா அந்தக் கடைசிப் பக்கங்களைப் படிக்கும்போது என் கை தானா ஏதோ ஊசியைத் தேடுது. அவ்வளவு நேர வலிக்குப் பிறகு கர்ப்பப்பை களைச்சுப்போகும். சுருங்க வேண்டியது சுருங்காது. நஞ்சு பிரிஞ்ச இடத்துல ரத்தக் குழாய்கள் திறந்தே கிடக்கும். நாங்க தினமும் பயப்படுற விஷயம் இதுதான்.

ஹென்றி குண்டுக்குத் தப்பினான், ராணுவ போலீசுக்குத் தப்பினான், எல்லையைத் தாண்டினான். போரே இல்லாத ஊர்ல, வெள்ளைப் படுக்கை விரிச்ச அறையில எல்லாத்தையும் இழந்தான்.

8.
இங்கே நிறுத்திட்டு நம்ம பக்கம் வருவோம்.

ஹெமிங்வேயோட இந்த நாவலைத் தனக்கு ரொம்பப் பிடிச்ச நாவலாச் சொன்ன தமிழர் ஒருத்தர் இருந்தார். அவர் பெயர் ப. சிங்காரம். ஊர் சிங்கம்புணரி. 1920இல் பிறந்தவர்.

தமிழ்ல இரண்டாம் உலகப் போரைப் பற்றி இரண்டே இரண்டு நாவல் எழுதினார். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி'. அதோட பேனாவை மூடி வச்சிட்டார். அந்த இரண்டும் போதும். தமிழ்ல போர் நாவல்னு கேட்டா, இன்னிக்கும் விரல் நீளுறது அங்கேதான்.

9.
சிங்காரம் 1938இல், 18 வயசுல கப்பல் ஏறி இன்றைய இந்தோனேசியாவில் சுமத்ரா தீவுல இருக்கிற மேடான் நகருக்குப் போனார். ஹெமிங்வே இத்தாலிக்குப் போன அதே வயசு! ஆனா இவர் போனது சண்டைக்கு இல்லை, வட்டிக்கடை வேலைக்கு.

அந்த வட்டிக்கடை உலகத்தைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். அப்பதான் கதை புரியும்.

பர்மா, மலேயா, சுமத்ரா எல்லா இடத்துலயும் நம்ம ஊர்க்காரங்க லேவாதேவி நடத்தினாங்க. கடையில பெட்டியடிப் பையன், அவனுக்கு மேல அடுத்தாள், அவனுக்கு மேல மேலாள்னு படி உண்டு. பொதுவா மூணு வருஷக் கணக்கு. அது முடிஞ்சாத்தான் ஊர் திரும்ப முடியும். கடையிலேயே சாப்பாடு, கடையிலேயே படுக்கை. கைப்பெட்டிக்குப் பின்னாடி சம்மணம் போட்டு உட்கார்ந்தா அதுதான் உலகம்.

பட்டாளம் மாதிரியே ஒரு ஒழுங்கு. துப்பாக்கி மட்டும் கிடையாது.

10.
1941 டிசம்பர். ஜப்பான் பினாங்கு மேல குண்டு போடுது. விமானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவுல வந்து நின்ன ஜனங்க மேலயே குண்டு விழுந்தது. வெள்ளைக்காரங்க தங்கள் ஆட்களை மட்டும் ராவோட ராவா கப்பல் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ஜப்பான் படை மேடானுக்குள்ள வந்தது. 'புயலிலே ஒரு தோணி' தொடங்கறதே அந்தக் காட்சியிலதான்.

அதோட இந்தியாவுக்குத் தபால் நின்னுபோச்சு. பணம் அனுப்பவும் வழி இல்லை. மூணு வருஷத்துக்கு மேல கடலுக்கு இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் கணவன். ஒருத்தர் உயிரோட இருக்காரான்னே இன்னொருத்தருக்குத் தெரியாது. வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் வரலைன்னா நமக்குத் தூக்கம் போயிடுது. அவங்களை நினைச்சுப் பாருங்க.

11.
சிங்கப்பூர் விழுந்த இரண்டாவது நாள், ஃபேரர் பார்க் மைதானத்துல சுமார் 40,000 இந்தியப் போர்க்கைதிகளை ஜப்பான்காரங்க ஒண்ணா நிறுத்தினாங்க. அங்கே விதைச்சதுதான் இந்திய தேசிய ராணுவம். 1943 ஜூலையில நேதாஜி வந்து தலைமை ஏத்ததும், ராணுவத்துக்குச் சம்பந்தமே இல்லாத தோட்டத் தொழிலாளர்கள், கடைப் பையன்கள் எல்லாம் சேர்ந்தாங்க. அதுல பெரும் பகுதி தமிழங்க.

அப்படிச் சேர்ந்த ஒரு கடைப் பையன்தான் 'கடலுக்கு அப்பால்' நாவலோட செல்லையா.

12.
செல்லையா பினாங்குல வானாயீனா என்பவரோட வட்டிக்கடையில வேலை பார்த்தவன். முதலாளியோட மகள் மரகதம். இரண்டு பேருக்கும் பிரியம். இடையில போர். செல்லையா கைப்பெட்டியை விட்டுட்டுத் துப்பாக்கியைத் தூக்குறான்.

ஜப்பான் சரணடையுது. ஐஎன்ஏ கலையுது. செல்லையா உயிரோட திரும்பி வர்றான். மரகதமும் காத்திருக்கா.

இனி என்ன தடைன்னு கேட்பீங்க. தடை, வானாயீனா. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் விஷயம். பட்டாளத்துக்குப் போய்வந்தவன் இனி கடைக்கு ஆகமாட்டான்னு நம்புறார். பணிஞ்சு உட்கார்ந்து வட்டி வசூலிக்கிற மனசு போய், நிமிர்ந்து நிக்கிற மனசு வந்துடுச்சு. அப்படிப்பட்டவன் கையில மகளையும் கடையையும் எப்படிக் கொடுக்கிறது? நாகலிங்கம் என்ற வேறொரு மாப்பிள்ளையை முடிவு பண்றார்.

போர் தோக்கடிக்க முடியாத செல்லையாவை, ஒரு வட்டிக்கடைக் கைப்பெட்டி தோக்கடிக்குது.

13.
சினிமாவா இருந்தா இந்த இடத்துல மரகதத்தைக் கூட்டிக்கிட்டு ஓடியிருப்பான். இல்ல ரெண்டு பேரும் விஷம் குடிச்சிருப்பாங்க. சிங்காரம் ரெண்டையும் பண்ணல. செல்லையா விலகிப் போறான். வலியை வச்சுக்கிட்டே வாழப் பழகிக்கலாம்னு மனசைத் தேத்திக்கிட்டுப் போறான்.

சின்ன வயசுல படிச்சப்போ எனக்கு இது பிடிக்கல. என்னடா, துப்பாக்கி பிடிச்சவன் இப்படி விட்டுக்கொடுத்துட்டானேன்னு கோபமே வந்தது.

இப்போ வேற மாதிரி தெரியுது. ஹெமிங்வே கதையில கடமைங்கிறது வெளியில இருக்கு. சட்டை மாதிரி கழட்டி ஆத்துல விட்டுடலாம். சிங்காரம் கதையில கடமைங்கிறது சாப்பிட்ட உப்பு. ரத்தத்துல கலந்துடுச்சு. முதலாளிக்கு நன்றி, பொண்ணைப் பெத்தவங்களுக்கு மரியாதை, அவள் பேருக்கு வரப்போற பழி. எந்த ஆத்துல குதிச்சாலும் அது கூடவே நீந்தி வரும்.

14.
சிங்காரம் இதை 1950இல் எழுதினார். கலைமகள் நடத்திய நாராயணசாமி ஐயர் நாவல் போட்டியில பரிசு கிடைச்சு, 1959இல் புத்தகமா வந்தது.

அடுத்த நாவல் 'புயலிலே ஒரு தோணி'. எழுதினது 1962, அச்சானது 1972. பத்து வருஷம்! இதோட நாயகன் பாண்டியன் செல்லையா மாதிரி இல்லை. மேடான்ல கணக்குப் பார்த்தவன், புயல்ல தொங்கான் ஏறிப் பினாங்கு போய், ஐஎன்ஏவில் சேர்ந்து, போர் முடிஞ்ச பிறகு டச்சுக்காரர்களை எதிர்த்த இந்தோனேசிய விடுதலைப் போர்லயும் கொரில்லாவா நிக்கிறான்.

அயிஷாங்கிற பொண்ணோட காதலும் அவனைக் கட்டிப்போடல. ஒரு கடமையிலிருந்து இன்னொரு கடமைக்குத் தாவிக்கிட்டே இருக்கிறான். கடைசியில ஊருக்குத் திரும்பிடலாம்னு நினைக்கிறப்போ குண்டுக்கு இரையாகிறான். மதுரைத் தெருக்களும் சின்னமங்கலத்துச் சந்தையும் மனசுக்குள்ள ஓட, கடலைத் தாண்டாமலே போயிடுறான்.

15.
காதலும் கடமையும் சேரவே சேராதான்னு நீங்க கேட்கலாம். நாவல்ல சேரல. நிஜத்துல ஒரு இடத்துல சேர்ந்தது. அந்தக் கதை எங்க தொழில்காரங்க கதைங்கிறதால கொஞ்சம் பெருமையோடவே சொல்றேன்.

டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். 1914இல் சென்னையில் பிறந்தவங்க. 1938இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல எம்.பி.பி.எஸ்., பிறகு மகப்பேறு மருத்துவத்துல டிப்ளமோ. 1940இல் சிங்கப்பூர் போய் ஏழைத் தொழிலாளர்களுக்குக் கிளினிக் வச்சாங்க. 1943இல் நேதாஜி கேட்டதும் ஜான்சி ராணி படைப்பிரிவுக்குத் தலைமை ஏத்தாங்க. பிரசவம் பார்த்த கை துப்பாக்கி எடுத்தது.

அதே ஐஎன்ஏவில் அதிகாரி பிரேம் சேகல். 1945 நவம்பர்ல டெல்லி செங்கோட்டையில நடந்த புகழ்பெற்ற வழக்குல ஷா நவாஸ் கான், தில்லானோட கூண்டுல நின்ன மூணாவது ஆள் அவர். அந்த நேரம் லட்சுமி பர்மாவில் பிரிட்டிஷ் காவல்ல. இருவரும் 1947 மார்ச்சில் லாகூர்ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க.

16.
அதுக்கப்புறம் அவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? கான்பூர்ல குடியேறி, மறுபடி மகப்பேறு மருத்துவத்துக்கே வந்தாங்க. பிரிவினை அகதிகளுக்கு வைத்தியம், 1971இல் வங்க அகதிகள் முகாம், 1984இல் போபால். 90 வயசைத் தாண்டியும் நோயாளிகளைப் பார்த்தாங்க. 2012 ஜூலை 23ஆம் தேதி, 97 வயசுல இறந்தப்போ உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துட்டாங்க.

கேப்டன் லட்சுமின்னு சீருடைப் படத்தோட நாம அவங்களைக் கொண்டாடுறோம். கொண்டாடணும். ஆனா அவங்க போர்க்களத்துல இருந்தது சில வருஷம். பிரசவ அறையில இருந்தது பல பத்து வருஷம். எது பெரிய போர்க்களம்?

இது பேச்சுக்குக் கேட்கிற கேள்வி இல்லை. கணக்கு இருக்கு.

17.
அதுக்கு முன்னாடி சிங்காரத்தோட சொந்த வாழ்க்கை.

நாவல்ல செல்லையாவுக்குக் கல்யாணம் நடக்கல. சிங்காரத்துக்கு நடந்தது. இந்தோனேசியாவிலேயே கல்யாணம் பண்ணிக்கிட்டார். முதல் பிரசவம். மனைவியும் போயிட்டாங்க, குழந்தையும் போயிடுச்சு.

ஆமாம், ஹெமிங்வே நாவல்ல வர்ற அதே முடிவு. பிடிச்ச நாவல் எதுன்னு கேட்டா அந்த மனுஷன் ஏன் இதைச் சொன்னார்னு இப்போ எனக்கு வேற மாதிரி தோணுது. காரணத்தை அவர் சொல்லல, நானும் அடிச்சுச் சொல்லமாட்டேன்.

அவர் மறுமணம் செஞ்சுக்கல. 1946இல் இந்தியா திரும்பி, மதுரை தினத்தந்தியில வேலைக்குச் சேர்ந்து, ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையிலயே பல பத்து வருஷம் தனியா வாழ்ந்தார். சேர்த்த பணத்தைப் பிள்ளைங்க படிப்புக்குக் கொடுத்துட்டு, 1997 டிசம்பர்ல இறந்துபோனார்.

18.
ஹெமிங்வேக்கு நடந்தது நேர்மாறு. நாவலை எழுதிக்கிட்டிருந்தப்போ, 1928 ஜூன்ல கான்சஸ் சிட்டியில அவர் மனைவி பாலினுக்கு நீண்ட வலிக்குப் பிறகு சிசேரியன். தாயும் பிழைச்சாங்க, மகனும் பிழைச்சான். வீட்டுல பிழைச்சதை எழுத்துல சாகவச்சார் அவர். நம்மாளு வீட்டுல செத்ததை எழுத்துல கொண்டுவரவே இல்லை. குண்டு, கப்பல், கொலை, கடைத்தெரு எல்லாத்தையும் எழுதினவர், இதை மட்டும் கதையாக்கல.

19.
இப்போ கணக்கு.

1943இல், அதாவது நேதாஜி சிங்கப்பூர் வந்த அதே வருஷம், பிரிட்டிஷ் இந்திய அரசு ஜோசப் போர் என்பவர் தலைமையில சுகாதாரத்துக்கு ஒரு குழு போட்டது. 1946இல் அறிக்கை வந்தது. அதுல ஒரு எண் இருக்கு. பிறக்கிற ஒவ்வொரு 1,000 குழந்தைக்கும் சுமார் 20 தாய்மார்கள் சாகிறாங்க. வருஷத்துக்குச் சுமார் 2 லட்சம் பெண்கள்.

இரண்டாம் உலகப் போர்ல, ஆறு வருஷத்துல, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துல இறந்தவங்க சுமார் 87,000 பேர்.

மறுபடி படிங்க. ஆறு வருஷப் போர்ல இறந்த நம்ம வீரர்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேல பெண்கள், ஒரே வருஷத்துல, கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்தாங்க. நினைவுத் தூண் கிடையாது. அணிவகுப்பு கிடையாது. சிங்காரத்தோட மனைவி அவங்க ஒவ்வொருத்தரோட சாயல்.

20.
என்னதான் இல்லை அப்போ?

ரத்தம் இல்லை. கேத்தரின் கதை நடக்கிற 1918இல் மருத்துவமனை ரத்த வங்கிங்கிற ஏற்பாடே வரல. 1930கள்லதான் வந்தது. இந்தியாவுல 1942இல் கல்கத்தாவில் முதல் ரத்த வங்கி. அதுவும் போர்ல அடிபட்ட சிப்பாய்களுக்காகத்தான் வந்தது. அதே ரத்தம் தாய்மாருக்கும் வேணுமேங்கிற நினைப்பு ரொம்பப் பின்னாடி.

ஆக்சிடோசின் ஊசி. கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற மருந்து. வின்சென்ட் து விக்னோ இதைச் செயற்கையாத் தயாரிச்சது 1953. 1955இல் நோபல் பரிசு. இன்னிக்குக் குழந்தை பிறந்ததும் இந்த ஊசி போடுறது எங்களுக்குப் பல் தேய்க்கிற மாதிரி பழக்கம்.

அப்புறம் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி. ஜோசப் போர் குழு சொன்ன முக்கிய யோசனைகள்ல ஒண்ணு, கிராமத்துக்குப் பக்கத்துலயே ஆரம்ப சுகாதார நிலையம். நீங்க தடுப்பூசிக்கும் காய்ச்சலுக்கும் போற அந்தக் கட்டடத்தோட வேர் அங்கேதான் இருக்கு.

21.
பலன்? லட்சம் பிரசவத்துக்கு 2,000 தாய்மார் இறந்த நாடு இது. 2018-20 கணக்குப்படி இந்தியாவுல அது 97. தமிழ்நாட்டுல 54.

நாங்க சாதிச்சிட்டோம்னு மார்தட்ட இல்லை. 54ங்கிறதும் 54 வீடு. அதுல ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு ஹென்றி மழையில நனைஞ்சுக்கிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து தனியா நடந்து போறான். ஒரு சிங்காரம் வாழ்நாள் முழுக்கப் பேசாம இருக்கார்.

22.
அந்த ராத்திரிக்கு வருவோம்.

விடிய ரெண்டு மணி நேரம் இருக்கும்போது பிரசவம் ஆச்சு. பொண்ணு குழந்தை, நல்லா அழுதுச்சு. பத்து நிமிஷத்துல தாய்க்கு உதிரப்போக்கு ஆரம்பிச்சது. ஊசி போட்டும் கர்ப்பப்பை தளர்ந்தே இருந்தது. மகப்பேறு மேடம், நான், ரெண்டு நர்ஸ். ஒருத்தர் அடிவயித்தை அழுத்திப் பிடிச்சு, ஒருத்தர் ரெண்டு கையிலயும் ட்ரிப் ஏத்தி, ஒருத்தர் மருந்து மாத்தி மாத்திக் கொடுத்து. ரத்தம் ரெடியா இருந்தது. ஏழாம் மாசத்துலயே ரத்த வகை எழுதி, உறவுக்காரப் பையன் ஒருத்தன் முன்கூட்டியே கொடுத்து வச்சிருந்தான்.

விடியறப்போ நின்னுச்சு. அந்தப் பொண்ணு கண்ணைத் திறந்து முதல்ல கேட்டது, "அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

அவர் அம்மா போன் போட்டாங்க. ரெண்டு பக்கமும் யாருமே பேசல. கொஞ்ச நேரம் அழுகைதான்.

23.
பிறகு நர்ஸ் ஒருத்தங்க சொன்னாங்க. ரத்தத்துக்கு ஏற்பாடு பண்ணினது அந்த ராணுவக்காரர்தானாம். போன லீவுல வந்தப்போ செக்கப்புக்குக் கூட வந்து, ரத்தம் குறைவா இருக்குன்னு கேட்டதும் சிநேகிதன், பங்காளி எல்லார்கிட்டயும் பேசி, யார் யாருக்கு என்ன குரூப்னு லிஸ்ட் எழுதி அம்மா கையில கொடுத்துட்டுத்தான் ரயில் ஏறினாராம். தினமும் போன்ல "மாத்திரை போட்டியா?"ன்னு கேட்பாராம்.

அவர் எங்கிட்ட கேட்டாரே, இங்க நிக்கிறதா, அங்க நிக்கிறதான்னு. பதிலை அவரே எப்பவோ செஞ்சு முடிச்சிருந்தார். எனக்குத்தான் தெரியல.

ஹென்றி கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்தான். அவனால முடிஞ்சது கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது மட்டும்தான். இந்தத் தம்பி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால இருந்தார். ஆனா அவர் செஞ்சு வச்ச வேலை அந்த அறையில இருந்தது.

24.
அதனால கடைசியா சில விஷயம். வரலாறுன்னு சொல்லிட்டு மருத்துவத்துக்கு வந்துட்டேன், பொறுத்துக்கோங்க.

அப்பா ஆகப்போற தம்பிகளே, துபாயோ, திருப்பூரோ, எல்லையோ, எங்கே இருந்தாலும்:
மனைவியோட ஹீமோகுளோபின் அளவு எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். சம்பளத் தேதி தெரியுது இல்லையா, அது மாதிரி.
இரும்புச்சத்து மாத்திரையை "குழந்தை கறுக்கும்"னு யாராவது நிறுத்தச் சொன்னா நம்பாதீங்க. கறுக்காது.
ரத்த வகை என்ன, தேவைப்பட்டா யார் கொடுப்பா, ராத்திரி வலி வந்தா யார் கூட வருவா, இதை மூணு மாசம் முன்னாடியே பேசி முடிங்க. 108 எல்லார் போன்லயும் இருக்கணும்.
பிரசவம் ஆனதும் வேலை முடியல. முதல் 24 மணி நேரம் முக்கியம். துணி துணியா நனைஞ்சா, மயக்கம் வந்தா, உடனே நர்ஸைக் கூப்பிடச் சொல்லுங்க.

25.
மத்தவங்களுக்கு: 18 வயசு முடிஞ்சு, 45 கிலோவுக்கு மேல இருந்து, ஆரோக்கியமா இருந்தா ரத்தம் கொடுங்க. ஆண்கள் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நாலு மாசத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். அந்தப் பை யாருக்குப் போகும்னு தெரியாது. தெரியவும் வேண்டாம்.

புத்தகம் படிக்கிறவங்களுக்கு: முதல்ல 'கடலுக்கு அப்பால்' படிங்க, சின்னது. பிறகு 'புயலிலே ஒரு தோணி'. படிச்சிட்டு செல்லையா செஞ்சது சரியா தப்பான்னு கமெண்ட்ல சொல்லுங்க. மரகதத்தை யாரும் எதுவும் கேட்கவே இல்லையேன்னு எங்க வீட்டுல ஒரு சண்டை ஓடிக்கிட்டு இருக்கு. அதுல நான் தோத்துக்கிட்டு இருக்கேன், நியாயமாவே.

நாளைக்கு மறுபடி சுகர் பற்றிப் பேசுவோம்.

குருவிகுளத்திலிருந்து,
உங்கள் அரசு மருத்துவர்